தொடர்கதைக்குப் பின்பக்கம் ஒரு படம்

உப்பு ஜாடியைத் தூக்கித் தரையில் வைத்தேன். புளிப் பானையைத் தூக்கி வைத்தேன். அவற்றுக்குக் கீழே தட்டில் விரித்திருந்த பத்திரிகைத் தாளை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சோப்பு விளம்பரம். அடுத்த தட்டில், எண்ணெய்க் கறையில் பாதி மறைந்துபோன ஒரு மாமியார்-மருமகள் ஜோக். அதற்கும் கீழே, யானைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜமீன்தார். எல்லாம் என் வீட்டுக்காரர் போட்ட படங்கள்தான். நான் தேடிய படம் மட்டும் இல்லை.

அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே தேடினேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதி நேரம் திட்டிக்கொண்டே தேடினேன்.

ஓவியருக்கு வாழ்க்கைப்பட்டவள் அவர் படத்தைப் புளிப் பானைக்கு அடியில் விரிக்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். வாரம் தவறாமல் இலவசப் பிரதி வீட்டுக்கு வந்தால் நீங்களும் விரிப்பீர்கள். என் வீட்டுக்காரர் அருளப்பன் ஒருநாளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "சமையல் பண்ற நேரத்துல பாப்ப இல்ல, அது போதும்" என்பார்.

அந்த அருளப்பனைத்தான் அன்று காலை போலீஸார் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

முனுசாமி கொண்டுவந்த சேதி

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சித்திரை மாதத்தில் பாதிப் பட்டணம் காலியாகி, ஆடியில் கொஞ்சம் பேர் திரும்பி வந்திருந்த சமயம். காந்தியையும் மற்றத் தலைவர்களையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் பேனாவைத் திறக்கவே பயந்தார்கள். நான் சாந்தோமில் எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு வாரப் பத்திரிகையில் படம் போடுகிறவர். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

சேதி கொண்டுவந்தவர் முனுசாமி. அச்சுக்கூடத்தில் பக்கம் கட்டுகிறவர். எழுத்தையும் படத்தையும் சட்டத்துக்குள் அடுக்கி முடுக்கி இயந்திரத்துக்கு அனுப்புவது அவர் வேலை. சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றார்.

"டீச்சரம்மா, பயந்துக்காத. ஐயாவ இட்டுக்கினு போய்க்கீறாங்க. சும்மா விசாரணைக்குத்தான்."

"எதுக்கு விசாரணை? என்ன பண்ணார்?"

"அந்த நாய்ப் படந்தாம்மா. கடைசிப் பக்கத்துல வந்துகீதே."

நான் அந்த வாரப் பத்திரிகையைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. முனுசாமியே மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு பருத்த துரை தலைமேல் தகரப் பெட்டியும் கக்கத்தில் நாய்க்குட்டியுமாகத் தெறித்து ஓடுகிறார். படத்துக்கு நேர் கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி: 'பொதுஜனங்கள் பீதியடைய வேண்டாம். அவரவர் இருக்குமிடத்திலேயே அமைதியாக இருக்கவும்.'

அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உடனே அடங்கிவிட்டது. ஏனென்றால் சித்திரை மாதத்தில், ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தன் நாயோடு மலைக்கு வண்டி ஏறிய ஒரு பெரிய அதிகாரியைப் பட்டணம் முழுக்க அறியும். பெயர் வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

"இது இப்ப போட்ட படமே இல்லம்மா" என்று முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "பழைய பிளாக்கு!"

பிளாக் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வரைந்த படத்தைத் துத்தநாகத் தகட்டில் அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்து, அதை வைத்துத்தான் அச்சிட வேண்டும். யுத்தத்தில் துத்தநாகம் துப்பாக்கிக்குப் போய்விட்டது. புதுத் தகடு கிடைக்காது. அதனால் எல்லாப் பத்திரிகைகளிலும் பழைய பிளாக்குகளைத் தூசி தட்டிப் புதுசாக வசனம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே வக்கீல் படம் ஒரு வாரம் வக்கீலாக இருக்கும். மறு வாரம் அதுவே பல் டாக்டர். வாசகர்களும் பெரிய மனசு பண்ணிச் சிரித்து வைத்தார்கள்.

இந்தத் துரையும் அப்படி ஒரு தீபாவளி இதழில் வந்தவர். அதில் அவருக்குப் பின்னால் பாவாடை கட்டிய ஒரு சிறுமி, கையில் பட்டாசோடு நிற்பாள். "மாமா, நான் இன்னும் பத்தவே வைக்கலை!" என்பது வசனம். அவ்வளவுதான் ஜோக்.

இப்போது கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததாம். இந்த பிளாக்கைப் போட்டார்களாம். அகலம் போதாமல் சிறுமி இருந்த ஓரத்தை ரம்பத்தால் அறுத்துவிட்டார்களாம். அதற்குக் கீழே, எல்லாப் பத்திரிகைகளும் போட வேண்டும் என்று சர்க்கார் அனுப்பியிருந்த அறிவிப்பு வந்து உட்கார்ந்துவிட்டதாம். இரண்டும் ஒட்டிக்கொண்டு இப்படியாகிவிட்டது.

"பழைய படம்னு காட்டினா உட்டுடறேன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. திங்கக்கெயம மேலதிகாரிகிட்ட இட்டுக்கினு பூடுவாராம். அப்பால வேலூரு ஜெயிலுதான்."

"ஆபீஸ்ல பழைய பிரதி இருக்குமே!"

முனுசாமி தரையைப் பார்த்தார். சித்திரையில் ஊர் காலியானபோது, பத்திரிகையே இருக்குமோ இருக்காதோ என்று முதலாளி பழைய பிரதிகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்.

"ஐயா உங்கையில ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அந்தப் படம் தொடர்கதைக்குப் பின்பக்கம் வந்துச்சாம். கதாநாயகி ஓடத்துலேர்ந்து குதிக்கறாளே, அந்த அத்தியாயமாம்."

அவர் போனதும்தான் நான் அலமாரியைக் கலைத்தேன்.

பைண்டு செய்கிற வீடுகள்

தொடர்கதைக்குப் பின்பக்கம் என்று அவர் சொல்லி அனுப்பியதற்குக் காரணம் உண்டு. முழுப் பத்திரிகையை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் தொடர்கதைத் தாள்களை மட்டும் பிளேடால் வெட்டியெடுத்து, அத்தியாயவாரியாக அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வைத்துக்கொள்ளாத படித்த பெண்கள் அன்று குறைவு. முதுகில் தங்க எழுத்தில் பெயர்கூடப் பொறித்துக்கொள்வார்கள்.

தாளுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? முன்பக்கம் கதாநாயகி விம்முவாள். பின்பக்கம் கூந்தல் தைலமோ, கார்ட்டூனோ, குண்டு விழுந்தால் எப்படிக் குப்புறப் படுக்க வேண்டும் என்று விளக்கும் படமோ இருக்கும். எல்லாம் சேர்ந்து பைண்டாகிவிடும். அந்தக் காலத்துப் படம் வேண்டும் என்று இன்று யாராவது என்னிடம் வந்தால், பைண்டு புத்தகங்களைப் புரட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். நம் பட்டணத்துச் சரித்திரத்தில் பாதி, காதல் கதைகளின் முதுகில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

சாயங்காலம் மயிலாப்பூரில் இறங்கினேன். தெரிந்த வீடு ஒவ்வொன்றாகத் தட்டலாம் என்று எண்ணம். தட்டுவதற்குக் கதவு இருந்தது, திறப்பதற்கு ஆள் இல்லை. எத்தனையோ வாசல்களில் பூட்டுத் தொங்கியது. கும்பகோணத்துக்கும் கோயம்புத்தூருக்கும் போனவர்கள் திரும்பவில்லை. தெருவிளக்குகளுக்குக் கறுப்புப் பூசியிருந்தார்கள். எங்கேயாவது லாரி உறுமினால், எல்லாரையும் போல நானும் வானத்தைப் பார்த்தேன்.

குளத்தருகே ஒரு போட்டோ ஸ்டூடியோ. கண்ணாடிப் பெட்டியில் முன்பெல்லாம் மணமக்கள் இருப்பார்கள். அப்போது காக்கிச் சட்டை போட்ட பையன்களாக இருந்தார்கள். கப்பல் ஏறுவதற்கு முன்பு வீட்டில் ஒன்று கொடுத்துவிட்டுப் போக எடுத்துக்கொண்டவை. நான் அங்கே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றே ஒன்றுதான், கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் மனுஷர் என்னையும் பார்க்கவில்லை, காமிராவையும் பார்க்கவில்லை. போட்டோக்காரர் பின்னால் கட்டியிருந்த திரையில் வரைந்திருந்த மாளிகையை, இது சரியில்லையே என்கிற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு இவரை வேலூருக்குக் கொண்டுபோனால் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

கடைசியில் திறந்த கதவு விசாலம் டீச்சருடையது. என் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து பைண்டு புத்தகத்தை எடுத்தார். இரண்டு பேரும் மண்டியிட்டுப் புரட்டினோம். கதாநாயகி ஓடத்தில் ஏறினாள். அடுத்த தாளில் கரையில் ஈரப் புடவையோடு கிடந்தாள். குதித்த அத்தியாயத்தைக் காணோம்.

"எவளோ எரவல் வாங்கிண்டு போனவ கிழிச்சிண்டுட்டாடி! நன்னாயிருக்கற எடமாப் பாத்து கிழிச்சிருக்கா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. விசாலம் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாம்பலத்துல தனலட்சுமின்னு ஒருத்தி இருக்கா. என்னோட சேர்ந்து படிச்சவ. ஒரு தாள் விடாம வெச்சிருப்பா. ஆனா..."

"ஆனா என்ன டீச்சர்?"

"அவ ஆத்துக்காரர் போலீஸ்லன்னா இருக்கார். பத்திரிகைக் கேஸெல்லாம் அவர்தான் பாக்கறார். ஒன் ஆத்துக்காரரை அழைச்சிண்டு போனவரே அவராத்தான் இருக்கும், ஃபிலோமினா."

ரயில் பாதைக்கு மேற்கே

இரவெல்லாம் ஜெபமாலையை உருட்டினேன். போனால் நானே ஏதாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ? போகாவிட்டால் வேறு வழி என்ன? சனிக்கிழமை காலை, கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸில் இருமிக்கொண்டே தியாகராய நகருக்குப் போய், ரயில் பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலத்துக்கு நடந்தேன். பழைய கதையை மறுபடி படிக்க ஆசை என்று சொல்லிப் புத்தகத்தை இரவல் கேட்பது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

தனலட்சுமி நல்ல உயரம். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தார். "விசாலம் அனுப்பினாளா? உள்ள வாங்க" என்று கூடத்தில் உட்கார வைத்தார். நான் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. கை நடுங்குகிறதைப் பார்த்துவிட்டார்.

"கதை படிக்க ஆசைப்படறவங்க கை இப்படி நடுங்குமா? என்னன்னு சொல்லுங்க."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொய் சொல்ல எனக்கு எப்போதுமே வராது.

அவர் எழுந்துபோய், அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதுகில் தங்க எழுத்தில் 'தனலட்சுமி, மாம்பலம்' என்று மின்னியது. ஒரே புரட்டில் ஓடம் வந்தது. தாளைத் திருப்பினார். அதே துரை. அதே பெட்டி. அதே நாய். பின்னால் பட்டாசோடு சிறுமி.

எனக்கு உயிர் வந்தது.

அவர் அந்த வாரப் பத்திரிகையையும் தேடி எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"மாதா சத்தியமா இது தவறுதலா நடந்ததுங்க" என்றேன். "பக்கம் கட்டும்போது தெரியாம ஒட்டிக்கிச்சு. அவர் ஒரு பாவமும் அறியாதவர்."

தனலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "சத்தியமெல்லாம் எதுக்கும்மா" என்றார்.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

இலைக்குப் பக்கத்தில்

மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நான் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"இவங்க யாரு?"

ஏதாவது சமாளிப்பார் என்று நினைத்தேன். தனலட்சுமி கூசாமல் சொன்னார்: "சாந்தோம் டீச்சர். படம் போடறவரைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களே, அவர் வீட்டம்மா."

இன்னொரு பூட்ஸ் காலிலேயே இருந்தது. அவர் முகம் சிவந்தது. "இங்க எதுக்கு வந்தாங்க? நீ எதுக்கு உள்ள விட்ட?"

"கை கால் கழுவிட்டு வாங்க. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க."

இலை போட்டார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். பிறகு இலைக்குப் பக்கத்தில் பைண்டு புத்தகத்தைப் பிரித்து வைத்தார். அவர் கையைச் சோற்றில் வைத்தபடியே குனிந்து பார்த்தார். பிசையவில்லை.

"இது எப்ப வந்தது?"

"நம்ம சின்னவ பொறந்தப்ப வந்த தீபாவளி. பிரசவமாகி அம்மா வீட்ல படுத்துக்கிட்டுப் படிச்சேன். நீங்கதான் புஸ்தகம் வாங்கி அனுப்பினீங்க. மறந்துடுச்சா?"

அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"புஸ்தகத்தை எடுத்துட்டுப் போகணும். மேல காட்டணும்."

"முதுகுல என் பேர் இருக்கே. இன்ஸ்பெக்டர் வீட்ல இருந்து வந்ததுன்னு பெரியவங்க கேட்டா என்ன சொல்வீங்க?"

அவர் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். கிணற்றைத் தாண்டுகிற நேரத்தில் கால் தடுக்குகிறதே என்று நினைத்தேன்.

தனலட்சுமி உள்ளே போய்ப் பிளேடு எடுத்து வந்தார். புத்தகத்தை மடியில் வைத்து, தையல் ஓரமாக அந்தத் தாளை வெட்டினார். ஒரு தாள் விடாமல் வைத்திருப்பாள் என்று விசாலம் டீச்சர் சொன்ன புத்தகம். பிளேடு நேராக இறங்கியது. தாளை மடிக்காமல் கணவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஐயோ, உங்க கதை..." என்றேன்.

"அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம்" என்றார். "மோர் ஊத்தட்டுமா?" என்று அவரிடம் கேட்டார்.

சிறுமியை அறுத்தவர்

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டார்கள். பழைய படம், பக்கம் கட்டுவதில் கவனக்குறைவு, இனிமேல் ஜாக்கிரதை என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்களாம். இரண்டு நாள் தாடியும் அழுக்குச் சட்டையுமாக வாசலில் வந்து நின்றார். தண்ணீர் விளாவிக் குளிக்க வைத்தேன். சோறு போட்டேன். தனலட்சுமி வீட்டுக்குப் போனதை ஒன்று விடாமல் சொன்னேன். சத்தியம் செய்ததையும் சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஃபிலோ, அந்த பிளாக்கை நான்தான் தேடி எடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"முனுசாமிக்கு ஒண்ணும் தெரியாது. சர்க்கார் அறிவிப்பு வந்ததைப் பாத்தேன். துரை ஞாபகம் வந்துச்சு. பரண்ல ஏறித் தேடினேன். அந்தப் பொண்ணை நான்தான் அறுத்தேன். அவ பின்னால நின்னா அது தீபாவளி. இல்லாட்டி அது அவரு."

கையில் இருந்த கரண்டியை எறிந்தேனா, வைத்தேனா என்று நினைவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் முகம் காட்டிக் குடுத்துடும். உனக்குத்தான் பொய் வராதே."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதினாலும் கை சூடாகிறது. மாதாவின் பேரால் பொய்ச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாரே என்று ஒரு பக்கம். அதைவிட, ஒரு நல்ல பெண் என்னை நம்பித் தன் புத்தகத்தை வெட்டிக் கொடுத்தாளே, அவளை ஏமாற்றிவிட்டோமே என்பதுதான் உறுத்தியது. அவரோடு சில நாள் பேசவில்லை. மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதையும் சொன்னேன். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மனசு ஆறவில்லை.

அடுத்த வாரம் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மாம்பலத்துக்குப் போனேன். தனலட்சுமியின் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு நான் பண்ண சத்தியம்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம், சொல்லாதீங்க" என்று கையமர்த்தினார். "ஒரு படத்துல நாயை விட்டுட்டு, பெட்டியை விட்டுட்டு, அந்தப் பொண்ணை மட்டும் யாராவது தெரியாம அறுப்பாங்களா? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுடுச்சு. உங்களுக்குத்தான் தெரியலைன்னும் தெரிஞ்சுடுச்சு. அதனாலதான் சத்தியம் வேணாம்னேன்."

நான் பழச் சீப்பை அவரிடம் நீட்டினேன்.

"அவரை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க. எல்லாத் தடவையும் பழைய படம் கிடைக்காது."

"சார்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினேன்.

தனலட்சுமி பழத்தை வாங்கித் தட்டில் வைத்தார். "என்னத்தைச் சொல்றது? அன்னிக்கு அவரு சாப்பிட்டு எழுந்து, கொல்லையில கை கழுவறப்ப அப்படிச் சிரிச்சாரு. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தில் மூன்று பேர் இருந்தோம். அது தவறுதல் என்று நம்பியவள் நான் ஒருத்திதான்.